ஒரு முன்னறைக்கு இரண்டு வைத்தியர்

மகனே,

போன வியாழக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு, பதினேழு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, ஒரு டம்ளர் காபி குடிப்பது என்று முடிவெடுத்து அதை நிறைவேற்றினேன். அவசரத்தில் எடுத்த முடிவு அல்ல. நான்கு நாள் யோசித்தேன். சாதகங்களை ஒரு பக்கமும் பாதகங்களை மறுபக்கமும் எழுதிப் பார்த்தேன். உன் அப்பாவிடம் முறைப்படி அறிவித்தேன். அவர் கையிலிருந்த பேப்பரை இறக்காமல், "எனக்கும் அரை டம்ளர்" என்றார். இந்தப் பதினேழு ஆண்டும் அவர் தொழிற்பேட்டை எஸ்டேட் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் தினம் இரண்டு வேளை காபி குடித்து வந்திருக்கிறார், அது உனக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும், தெரியாதவள் நான் ஒருத்திதான் என்ற விவரங்களெல்லாம் அந்த அரை டம்ளரோடு சேர்ந்து வெளியே வந்தன.

நான் ஏன் குடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னுடன் காலையில் நடக்க வரும் தனலட்சுமியிடம் நீ, "ஒரு நாளைக்கு ஒரு காபி தாராளமா குடிங்க ஆன்ட்டி, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருக்கிறாய். ஆறு வருடமாக அவளுக்குக் காபியைத் தடுத்து வைத்திருந்தவள் நான். அடுத்த நாள் அவள் என் எதிரிலேயே ஃபிளாஸ்கைத் திறந்து ஊற்றிக் குடித்தாள். வாசனை பூங்கா முழுவதும் பரவியது. நான் கொடுத்த தண்டனையை நீ ஒரு வரியில் ரத்து செய்துவிட்டாய் என்ற பொறாமையும், அவளுக்குக் கிடைத்த விடுதலை எனக்குக் கிடைக்கவில்லையே என்ற பொறாமையும் சேர்ந்துதான் அந்த டம்ளரை எடுக்க வைத்தன. இந்தக் கடிதத்தில் இந்தச் சொல் இன்னும் பல இடங்களில் வரும். அதற்கு நாகரிகமான வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை.

இது உனக்கு எழுதும் கடிதம்தான். ஆனால் எங்கள் நடைப்பயிற்சிக் குழுவின் நான்கு பக்க மாத மடலில் அச்சாகப் போகிறது. வழக்கமாக அதன் மூன்றாம் பக்கம் என்னுடையது. வாழைத்தண்டின் பெருமை, ஈர மண்ணின் மகிமை, உபவாசத்தின் மாட்சி என்று பல வருடமாக அந்தப் பக்கத்தை நிரப்பி வந்தேன். இந்த மாதம் நான்கு பக்கமும் வேண்டும் என்றேன். செயலாளர், "அப்ப யாரோட பொறந்த நாளையும் போட முடியாதேம்மா" என்றார். அடுத்த மாதம் போட்டால் ஒரு வயது கூடிவிடாது என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

ஏன் எல்லோரும் படிக்க எழுத வேண்டும் என்றால், நீ வைத்த நிபந்தனையே அதுதான். நம் வீட்டு முன்னறையில் கிளினிக் ஆரம்பிக்கலாம் என்று பேச்சு வந்த அன்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய்: "ம்மா, அந்த ரூம்ல நான் உக்காரணும்னா, நீ அங்க வைத்தியம் சொல்லக்கூடாது. நான் இல்லாத நேரத்துலயும்." நான் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாய். வாசலில் உட்கார்ந்து டோக்கனாவது கொடுக்கிறேன் என்றேன். "டோக்கன் குடுக்கறதுக்குள்ள ரெண்டு பேருக்கு எனிமா சொல்லிடுவ" என்றாய். உன் அப்பாவுக்குப் புரையேறியது. பிறகு குரலைத் தாழ்த்தி நீ சொன்னதுதான் முக்கியம்: "நீ படிச்சு வரலைன்னு நீயே அவங்ககிட்ட சொல்லணும்மா. நான் சொன்னா அம்மாவ மட்டம் தட்டுன மாதிரி ஆயிடும். சொல்லிட்டா இங்கயே ஆரம்பிக்கிறேன். மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன், இல்லன்னா வேற எடம் பாத்துக்கறேன்." பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அதில் இரண்டு வைத்தியர் இருக்க முடியாது என்பதை நீ எவ்வளவு பணிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பணிவாகச் சொன்னாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்ததே அந்தப் பணிவைப் பார்த்துத்தான்.

எனக்கு இந்த இயற்கை வைத்தியப் பைத்தியம் பிடித்த கதை உனக்குத் தெரியும், மடலைப் படிப்பவர்களுக்குத் தெரியாது. ஆவடியில் ராணுவத்துக்கு உடை தைக்கும் தொழிற்சாலையில் தையல் பிரிவில் இருந்தேன். குவார்ட்டர்ஸில் மேல்வீடு மதுரை, எதிர்வீடு தர்மபுரி, நாம் விருதுநகர். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தலைவலித் தைலம் இருந்தது. எல்லாவற்றையும் தடவினேன். பின்கழுத்தில் பிடித்து நெற்றிப் பொட்டுவரை வரும் அந்த வலி எந்த ஊர்த் தைலத்துக்கும் கட்டுப்படவில்லை. யாரோ சொல்லி, பத்து நாள் இயற்கை மருத்துவ முகாம் ஒன்றுக்குப் போனேன். பழச்சாறு, வயிற்றில் ஈர மண் பட்டி, தொட்டிக் குளியல், மாலையில் மூச்சுப் பயிற்சி. ஏழாம் நாள் தலைவலி போயே போய்விட்டது. திரும்பும்போது என் பையில் ஆறு புத்தகங்களும் ஓர் எனிமா டப்பாவும் இருந்தன. வீட்டில் காபிப்பொடி அன்றோடு ஒழிந்தது. பல வருடம் கழித்து, நீ கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது, இந்த அற்புதத்தை உன்னிடம் நூறாவது முறையாகச் சொன்னேன். நீ ஒன்றே ஒன்று கேட்டாய்: "அந்தப் பத்து நாளும் நீ மிஷின் முன்னாடி குனியவே இல்லல்லம்மா?" அன்று உனக்குப் பிடித்த பருப்பு உருண்டைக் குழம்பை நான் வைக்கவில்லை. பருப்பு தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். பருப்பு இருந்தது.

மண்ணூர்பேட்டையில் இந்த வீட்டைக் கட்டியபோது முன்னறை ஸ்கூட்டருக்காகக் கட்டப்பட்டது. ஸ்கூட்டர் மழையில் நின்றது, அறையில் நான் உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பெண்களாவது வருவார்கள். யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. அதனாலேயே நான் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று அவர்களும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். டாக்டரம்மா என்று கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று நான் தடுத்ததாக நினைவில்லை. எல்லாத் தொல்லைகளுக்கும் என்னிடம் ஒரே விளக்கம் இருந்தது: கழிவு வெளியேறுகிறது. சாறு குடித்துத் தலை சுற்றுகிறதா, கழிவு வெளியேறுகிறது. மண் பட்டி போட்ட இடத்தில் அரிக்கிறதா, கழிவு வெளியேறுகிறது. மூன்று நாளாகத் தூக்கம் இல்லையா, பெரிய அளவில் வெளியேறுகிறது. இந்தப் பதிலின் வசதி என்னவென்றால், வைத்தியம் பலித்தாலும் பெருமை, பலிக்காவிட்டாலும் பெருமை.

மண் கதையையும் சொல்லத்தான் வேண்டும். ஆரம்பத்தில் உன் அப்பாவின் ஸ்கூட்டரில் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் போய் மண் எடுத்து வருவோம். பிறகு அங்கே மனைகளும் கிடங்குகளும் வந்து, போகிற வழியெல்லாம் வேலி. அதனால் நம் தெருக்கோடியில், எஸ்டேட் மதிலை ஒட்டியிருந்த காலி மனையில் எடுக்க ஆரம்பித்தேன். அந்த மண் வெயிலில் மினுமினுவென்று மின்னும். தாதுச்சத்து என்றேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டுரையும் எழுதினேன். முதல் வருட விடுமுறைக்கு வந்த நீ, அந்த மண்ணை ஒரு தாளில் கொட்டிப் பரப்பி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையை எடுத்து அதன்மேல் காட்டினாய். பொம்மைக்குத் தாடி முளைத்தது. "ம்மா, இது லேத் பட்டறைச் சீவல்" என்றாய். மூன்று நான்கு அடி ஆழத்தில், உரமோ ஆலைக் கழிவோ படாத இடத்தில் எடுத்து, காயவைத்து, பொடித்து, சலித்து, ஊறவைத்துத்தான் மண் பட்டி போட வேண்டும் என்று உங்களுக்குப் பாடம் நடத்தியிருந்தார்கள். தனலட்சுமியின் வயிற்றில் கொப்புளமாக வந்தபோது கழிவு வெளியேறுவதாகச் சொன்னேன். உண்மையில் அது உள்ளே போய்க்கொண்டிருந்தது.

நீ இயற்கை மருத்துவப் படிப்பில் சேர்ந்தபோது எனக்கு ஒரு சீடன் கிடைத்தான் என்றுதான் நினைத்தேன். ஐந்தரை வருடம் என்றதும் சிரிப்பு வந்தது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் சொல்லிக்கொடுத்துவிடும் விஷயத்துக்கு ஐந்தரை வருடமா, நடுவில் மாணவர்கள் என்ன செய்வார்கள் என்று உன் அப்பாவிடம் கேட்டேன். என்ன செய்வார்கள் என்பது உன் பையைத் திறந்தபோது தெரிந்தது. உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல். எலும்புகளுக்கே ஒரு தடிப் புத்தகம். முதல் பருவத்தில் பிணம் அறுத்துப் படிக்கும் அறையிலிருந்து வந்து ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாய். "முருங்கைக்கீரை எந்த வருசம்டா வரும்?" என்று நான் போனில் கேட்டேன். மூன்றாம் வருடம், ஆனால் அதன் பெயரில் ஒரு பாடம் கிடையாது என்று மரியாதையாகப் பதில் சொன்னாய். நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், அப்புறம்தான் யோகா, உபவாசம், உணவு, நீர் சிகிச்சை, மசாஜ், அக்குபங்சர். கடைசியில் ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் பயிற்சி. சிகிச்சைகளை முதலில் ஒருவர்மேல் ஒருவர் செய்து பார்த்துக்கொள்கிறீர்கள், அதன் பிறகுதான் நோயாளி பக்கம் விடுகிறார்கள் என்பது எனக்குப் புதிய செய்தி. நான் நேராக நோயாளியிலேயே ஆரம்பித்தவள்.

ஒரு விடுமுறையில் நம் குளியலறையில் நீ தெர்மாமீட்டரும் கையுமாக நின்றாய். எனக்கு இடுப்புக் குளியலுக்குத் தண்ணீர் தயார் செய்தாய். நான் முழங்கையை விட்டுப் பார்த்து, போதும் என்றேன். "முழங்கைக்கு டிகிரி தெரியாதும்மா. எங்க மேடம் சொல்லுவாங்க, ரெண்டு மூணு டிகிரி மாறினாலே உடம்பு வேற மாதிரி பதில் சொல்லும்னு" என்றாய். அந்த மேடத்தை நான் பார்த்ததில்லை. நல்லவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் நீ பேசும் பத்து வாக்கியத்தில் நான்கு அவர் வாயிலிருந்து வந்ததாக இருந்தது. தண்ணீர், மண், பட்டினி என்று பதினெட்டு வயது வரை உன்னிடம் ஓயாமல் பேசியவள் நான். 'எங்க அம்மா சொல்லுவாங்க' என்று நீ கல்லூரியில் ஒருமுறையாவது ஆரம்பித்திருப்பாயா என்று யோசித்தேன். ஆரம்பித்திருந்தாலும் வகுப்பைச் சிரிக்க வைக்கத்தான் ஆரம்பித்திருப்பாய் என்றும் தோன்றியது.

இனி எழுதப்போவது உனக்கும் தெரியாது. மூன்றாம் வருட விடுமுறையில் உன் நோட்டுகளை நான் திருட்டுத்தனமாகப் படித்தேன். நீ நண்பர்களுடன் வெளியே போகும் நேரம் பார்த்து, பீன்ஸ் நறுக்கும் பலகையை மடியில் வைத்துக்கொண்டு, அதன்மேல் நோட்டை விரித்து, என் டைரியில் பிரதி எடுத்தேன். உன் நோட்டில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் பக்கத்தின் நடுவில் ஒரு கோடு இருந்தது. கோட்டுக்கு மேலே, யாருக்கெல்லாம் பயன்படும். கோட்டுக்குக் கீழே, யாருக்கெல்லாம் கூடாது. பெரும்பாலும் கீழ்ப்பாதிதான் நீளம், சில சிகிச்சைகளுக்கு அடுத்த பக்கத்துக்கும் போயிற்று. நான் மேல்பாதிகளை மட்டும் எழுதிக்கொண்டேன். நேரம் குறைவு என்பது ஒரு காரணம். கீழ்ப்பாதி எல்லாம் கையாலாகாதவர்களின் தயக்கம் போல எனக்குத் தோன்றியது என்பது இன்னொன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை என் பெண்களிடம் புதிய சொற்களில் பேசினேன். அசந்து போனார்கள். நீ அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தாய்.

ஷாகிரா அக்காவின் சேதியை மடல் படிப்பவர்களில் பாதிப்பேர் அரைகுறையாகக் கேட்டிருப்பார்கள். மூன்று வீடு தள்ளி, சேலைக்கு ஃபால்ஸ் அடித்துத் தருபவள். பிறந்தது பூந்தமல்லி, வாழ்க்கைப்பட்டது இங்கே. என்னைவிட ஆறு வயது மூத்தவள். சர்க்கரை உண்டு, தினம் காலையில் மாத்திரை உண்டு. அந்த விடுமுறையில் நீ ஒருநாள் அவளிடம், டாக்டர் சொன்ன சாப்பாட்டு முறையையே ஒழுங்காகக் கடைப்பிடித்தால் போதும், மெதுவாகக் குறையும் என்று சொல்லியிருந்தாய். மெதுவாக என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். மூன்று நாள் சாறு உபவாசம் இரு அக்கா, நான்காம் நாள் டெஸ்ட் எடுத்துப் பார், தம்பி அசந்து போவான் என்றேன். அவள் சிரித்தாள். "நோம்பு இருக்கறது இன்னா எனக்குப் புச்சா? முப்பது நாளு இருக்கிறவளுக்கு மூணு நாளு ஒரு கணக்கா?" என்றாள். நானும் அதே கணக்கைத்தான் போட்டேன்.

இரண்டாம் நாள் காலை பூங்காவில், மூன்றாவது சுற்றில், அவள் கை நடுங்கியது. ரவிக்கை தெப்பலாக நனைந்தது. சிமென்ட் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்து ஏதேதோ சம்பந்தமில்லாமல் பேசினாள். சுற்றி நின்ற பெண்கள் என்னைப் பார்த்தார்கள். கழிவு வெளியேறுகிறது என்றேன். நீ அன்று எனக்காக ஸ்வெட்டர் கொண்டுவந்தவன் வாசலிலிருந்தே ஓடிவந்தாய். "ஆன்ட்டி, காலைல என்ன மாத்திர போட்டீங்க?" இதுதான் நீ கேட்ட முதல் கேள்வி. அவள் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினாள். அதைப் பார்த்த கையோடு டீக்கடைக்கு ஓடி, அரை டம்ளர் தண்ணீரில் நான்கு கரண்டி சர்க்கரையைக் கலக்கிக் கொண்டுவந்து, நினைவு இருக்கிறதா, விழுங்க முடிகிறதா என்று பார்த்து, வாய் வாயாகக் குடிக்க வைத்தாய். வெள்ளைச் சர்க்கரை விஷம் என்று நான் மூன்றாம் பக்கத்தில் நான்கு முறை எழுதியிருக்கிறேன். அந்த விஷத்தை என் மகன் என் எதிரில் என் நோயாளிக்குக் கொடுத்தான், அவள் கால் மணி நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்வரை ரத்தத்தில் சர்க்கரை மறுபடி இறங்கும் என்று சொல்லி, நீ அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாய். ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு அவள் சொன்னது: "நோம்பு மாசத்துல டாக்டரு மாத்திரைய மாத்திக் குடுப்பாரு, நேரத்தையும் மாத்துவாரு. நீ ஒண்ணும் சொல்லலியே, அதான் எப்பவும் போல காலைல போட்டுக்கினேன்." ஒவ்வொரு ரம்ஜானுக்கும் முன்னால் அவள் டாக்டரைப் பார்க்கப் போவது எனக்குத் தெரியும். ஒரு வருடம் நானே துணைக்குப் போயிருக்கிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, உபவாசத்தின் மாட்சி பற்றிய கட்டுரைக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே எதற்குப் போகிறாள் என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து உன் நோட்டை எடுத்தேன். உபவாசம் என்ற பக்கம், கோட்டுக்குக் கீழே, இரண்டாவது வரி: சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், மருத்துவர் மருந்தை மாற்றியமைக்காமல் உபவாசம் இருக்கவே கூடாது. அந்த வரியை எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடிந்தால் நன்றாக இருக்கும். தெரியும். பலகையை மடியில் வைத்துக்கொண்டு பிரதி எடுத்த அன்றே கீழ்ப்பாதியையும் என் கண் படித்திருந்தது, கைதான் எழுதவில்லை. ஷாகிரா அக்காவிடம் சாறு பற்றிச் சொன்னபோது அந்த வரி என் மனதில் ஓரமாக வந்து நின்றது. உன் வாயிலிருந்து வந்த 'மெதுவாக'வும் கூடவே நின்றது. இரண்டில் எதைத் தோற்கடிப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை.

நீ அன்று என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஷாகிரா அக்காவின் மகன் கேட்டதற்கு, "அம்மாவுக்குத் தெரியாதுண்ணா" என்று எனக்காகப் பேசினாய். நீ எனக்காகச் சொன்ன அந்தப் பொய், அது பொய் என்றே உனக்குத் தெரியாமல், நான்கு வருடமாக இந்த வீட்டில் கிடக்கிறது. நன்றி தோன்றியிருக்க வேண்டும். எனக்குப் பொறாமைதான் கூடியது. பட்டம் வாங்கி, பதிவு எண் வாங்கி, ஓர் ஆஸ்பத்திரியில் நீ வேலைக்குச் சேர்ந்ததும் டாக்டர் என்ற சொல் முறைப்படி உன்னிடம் போய்ச் சேர்ந்தது, நான் டாக்டரோட அம்மா ஆனேன்.

போன வருடம் உனக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது, நோயாளிகள் வரிசையில் அரை மணி நேரம் உட்கார்ந்து உன்னை வேடிக்கை பார்த்தேன். பக்கத்து ஊரான பாடியில் ஏதோ ஆலையில் வேலை பார்ப்பவர், ஐம்பது வயது இருக்கும், இடது தோளில் வலி என்று எண்ணெய் மசாஜுக்கு வந்திருந்தார். நான் என்றால் கடுகெண்ணெயா நல்லெண்ணெயா என்று யோசித்திருப்பேன். நீ படி ஏறினால் வலிக்கிறதா, வியர்க்கிறதா என்று கேட்டுவிட்டு, "ஐயா, இதுக்கு இப்ப எங்கிட்ட வைத்தியம் இல்ல. முதல்ல ஈசிஜி எடுங்க, எழுதித் தரேன்" என்று அனுப்பிவிட்டாய். அவர் வெளியே வந்து என் பக்கத்தில் நின்று போனில் யாரிடமோ, "இன்னா டாக்டருப்பா இவன், வைத்தியமே தெரியலன்றான்" என்றார். எழுந்து அவரிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் உன்மேல் எனக்கு இருந்தது வாழ்க்கையிலேயே பெரிய பொறாமை. பதினேழு வருடத்தில் நான் ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. எனக்குத் தெரியாது என்ற வாக்கியத்தைச் சொல்லத்தான் உனக்கு ஐந்தரை வருடம் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. மண்ணும் தண்ணீரும் பட்டினியும் எனக்கும் தெரியும். அந்த வாக்கியம் எந்தப் புத்தகத்திலும் என் கண்ணில் பட்டதில்லை.

தாய் எழுதும் கடிதத்தில் புத்திமதி இல்லாவிட்டால் ஏதோ குறைந்ததுபோல் இருக்கும், அதனால் கொஞ்சம் சொல்கிறேன். நீ வேகமாகப் பேசுகிறாய். நம் பக்கத்துப் பெண்கள் புரியாவிட்டாலும் தலையாட்டுவார்கள். எனக்கு அவ்வளவு காலம் தலையாட்டியவர்கள் உனக்கு ஆட்ட மாட்டார்களா? மாத்திரையின் பெயரைக் கேட்காதே, அட்டையைக் கொண்டுவரச் சொல். ஏனென்றால் வெள்ளை, சின்னது, ரோஸ் என்றுதான் சொல்வார்கள். பத்து நாள் ஓய்வில் சரியாகிவிட்ட தலைவலிக்கு உன்னைப் புகழ்வார்கள், அந்தப் புகழை வாங்கி வைத்துக்கொள்ளாதே. நான் வாங்கி வைத்துக்கொண்டேன், அதை வைத்தே ஒரு முன்னறையை நடத்தினேன். உனக்குப் பின்னால் வருகிறவன் உன்னைவிட அதிகம் தெரிந்தவனாக வருவான். அன்றைக்கு உனக்கும் வயிறு எரியும். அது கழிவு வெளியேறுவது அல்ல.

மடலைப் படிக்கும் என் தோழிகளுக்கு: நான் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. எனக்குப் பதிவு எண் கிடையாது. ஆறு புத்தகமும், என் மகன் நோட்டின் மேல்பாதிகளும்தான் என் படிப்பு. நான் சொல்லி நீங்கள் நிறுத்திய மாத்திரை ஏதாவது இருந்தால், அதைக் கொடுத்த டாக்டரிடம் இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள். இயற்கை வைத்தியம் வேண்டும் என்றால் அதைப் படித்துப் பதிவு செய்தவர்களிடம் போங்கள். நம் முன்னறையில் இனி நான் யாருக்கும் எதுவும் சொல்ல மாட்டேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் இதை ஷாகிரா அக்காவிடம் போய் வாசித்துக் காட்டினேன். ஊசியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நோட்டுப் பகுதி வந்ததும் ஊசி நின்றது.

"அப்ப தெர்ஞ்சுகினுதான் குடுத்தியா?"

"ஆமாக்கா."

"இன்னாத்துக்கும்மே?"

தம்பிக்கு முன்னால் உன்னை நான் குணமாக்கிக் காட்ட வேண்டும் என்று இருந்தது என்றேன். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சேலையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"போட்டின்னு ஒரு வார்த்த சொல்லிருந்தீனா, ஊட்லயே ஒரு வாய் சோறு துன்னுட்டு வந்திருப்பேன்" என்றாள். சேலையை ஓரமாக வைத்துவிட்டு, "எம் பேர அதுலந்து எடுத்துடாத. இருக்கட்டும். படிக்கிறவளுக்கு யாருன்னு தெரியணும்" என்றாள். டீ கொடுக்கவில்லை. அவள் டீ கொடுக்காமல் நான் அந்த வீட்டிலிருந்து திரும்பியது அதுதான் முதல் முறை.

இந்தக் கடிதத்தின் முதல் பிரதி ஒரு பக்கம்தான் இருந்தது. அதில் நோட்டு விஷயம் இல்லை, ஷாகிரா அக்கா இல்லை. நீ கொடுத்த கெடுவுக்குள் அதை எழுதி முடித்து, படித்துப் பார்த்து, கிழித்தேன். இரண்டாவது பிரதியில் பூங்கா வந்தது, நீ சர்க்கரைத் தண்ணீரோடு ஓடிவரும் இடம் வரவில்லை. அதையும் கிழித்தேன். இப்படி எட்டு வாரம் ஆனது. நீ அவசரப்படுத்தவில்லை. ஒருமுறை மட்டும், "என்னம்மா, ஏதாவது எழுதினியா?" என்றாய். எழுதிக்கொண்டே இருக்கிறேன் என்றேன்.

ஐந்தாவது வாரத்தில் நீ பாடியில், மேம்பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு டயர் கடையின் மாடியில் இடம் எடுத்தாய். திங்கள் முதல் சனி வரை, காலை ஒன்பதிலிருந்து ஒன்று. ஷாகிரா அக்கா புதன்கிழமைகளில் பஸ்ஸில் போய் வருகிறாள்.